நாய்ப் பயிற்சியில் ஷேப்பிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் "எங்க நாய் சொன்னா கேக்கவே மாட்டேங்குது" என்பதில்தான் வந்து நிற்கும். அதையொட்டி வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. அதனால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா என்ன? தீனி போட்டுப் பழக்குறதுதானே?

தீனி அதில் ஒரு பகுதி. ஒரு செயலைச் செய்த கையோடு நாய்க்குப் பிடித்தது ஏதாவது கிடைத்தால், அந்தச் செயலை அது மறுபடியும் செய்யும். கிடைப்பது தின்பண்டமாக இருக்கலாம், பந்தாக இருக்கலாம், மூடியிருந்த கதவு திறப்பதாகவும் இருக்கலாம். 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, அவை தாழை நீக்கி வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். முதலில் தட்டுத்தடுமாறித் திறந்த பூனை, போகப் போக நேரே தாழிடம் போனது. இன்னொரு உளவியலாளரான பி. எஃப். ஸ்கின்னர் பிற்பாடு விரிவாக ஆராய்ந்தது இதன் தொடர்ச்சியைத்தான்.

எது பரிசு என்பதை முடிவு செய்வது நாய்தான். "நல்ல பையன்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டிக்கொடுக்கிறீர்கள். அது தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னால் மடித்து, உதட்டை ஒருமுறை நக்கிக்கொள்கிறதா? அப்படியென்றால் நீங்கள் கொடுத்த பரிசு அதற்குத் தொந்தரவாக இருக்கிறது. செயல் அதிகமாகிறதா என்பது ஒன்றுதான் இதற்குச் சோதனை.

சரி, ஷேப்பிங்னா?

முழுச் செயலும் வரும்வரை காத்திருக்காமல், அதன் சாயல் தெரிகிற சின்னஞ்சிறு அசைவுக்கே பரிசு கொடுத்து, எதிர்பார்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போவது. 1943-இல் ஸ்கின்னரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு புறாவை மரப்பந்தை அலகால் தட்டவைக்க முயன்றார்கள். அது தட்டட்டும், தீனி போடலாம் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பந்தைப் பார்த்தாலே தீனி, அலகு அதன் பக்கம் போனால் தீனி என்று மாற்றினார்கள். சில நிமிடங்களில் புறா பந்தை அடித்து விளையாட ஆரம்பித்துவிட்டது.

நாய்க்கும் இதே கதைதான். "என் நாய்க்கு வரவே வராது" என்று சொல்லப்படும் பல செயல்களில், முதல் படியை யாரும் அதற்குக் காட்டியே இருக்க மாட்டார்கள்.

டிரீட்டைக் கையில வச்சுக் காட்டி உட்கார வைக்கிறேனே, அது ஷேப்பிங் இல்லையா?

அதை லூரிங் என்பார்கள். மூக்குக்கு முன்னால் தீனியை நகர்த்தி உடலை வழிநடத்துவது. நாய் தானாக உட்காரும்போது பார்த்துப் பரிசு கொடுத்தால் அது கேப்ச்சரிங். ஷேப்பிங்கில் நீங்கள் கையை நீட்டுவதில்லை, உடலைத் தொடுவதுமில்லை. நாயே முயன்று பார்த்துக் கண்டுபிடிக்கிறது.

உட்காருவது, படுப்பது போன்றவற்றுக்கு லூரிங் போதும், வேகமாகவும் முடியும். ஷேப்பிங்தான் உசத்தி என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தீனியைத் தவிர எதையும் பார்க்காத நாய், புதுப் பொருளைக் கண்டால் மிரளும் நாய், பல கட்டங்கள் கொண்ட செயல் ஆகியவற்றுக்கு ஷேப்பிங்தான் கைகொடுக்கும்.

கிளிக்கர் கண்டிப்பா வேணுமா? வாயால சொன்னா போதாதா?

போதும். தேவை ஒரு குறிப்பொலி. "இதோ, இந்த அசைவுக்குத்தான் பரிசு" என்று அந்தக் கணத்தைச் சுட்டிக்காட்டும் ஒலி. கிளிக்கர் என்பது அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி. எப்போதும் ஒரே மாதிரி, சுருக்கமாக ஒலிப்பதால் வசதி. "யெஸ்" என்ற சொல்லும் சரி, நாக்கைச் சொடுக்கும் ஒலியும் சரி. காது கேட்காத நாய்க்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம்.

முதலில் ஒலியை எழுப்பி உடனே தீனி கொடுங்கள். சில முறைகளிலேயே ஒலி கேட்டதும் உங்கள் பக்கம் திரும்பும். பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். இங்கே பலர் கோட்டைவிடுவது கையின் அவசரத்தில். ஒலிக்கு முன்பே கை தீனிப் பைக்குள் போய்விடும். நாயும் ஒலியை விட்டுவிட்டுக் கையையே பார்க்கக் கற்றுக்கொள்ளும். முதலில் ஒலி, அதன் பிறகுதான் கை அசைய வேண்டும்.

முதல்ல எதை வச்சு ஆரம்பிக்கலாம்?

ஒரு பாய், அல்லது மடித்த போர்வை. அதில் போய்ப் படுப்பதுதான் தொடங்குவதற்கு நல்ல செயல். பிற்பாடு விருந்தாளி வரும்போதும் உதவும். இருபது துண்டுத் தீனியை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். பாயைத் தரையில் போடும்போதே கவனமாக இருங்கள். புதிதாக ஏதோ விழுகிறதே என்று நாய் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்கே முதல் குறிப்பொலி. தீனியைப் பாய்க்குப் பக்கத்தில் போடுங்கள்.

அடுத்து, பாயை நோக்கி ஓர் அடி. பிறகு ஒரு முன்னங்கால் பாயைத் தொடுவது. கால் பாயில் ஊன்றிய பிறகு ஒலி எழுப்பினால், அது காலை எடுக்கும்போதுதான் ஒலி காதில் விழும். கால் பாயை நோக்கி இறங்கும்போதே ஒலியுங்கள். பின்பு இரண்டு கால், நான்கு கால், கொஞ்சம் நிற்பது. நான்கு காலும் வந்துவிட்டால் தீனியைப் பாயின் மேலேயே, முன்னங்கால்களுக்கு நடுவில் வையுங்கள். தலை குனியும், முழங்கை மடங்கும், சில நாய்கள் அப்படியே படுத்துவிடும். அவ்வப்போது ஒரு துண்டைப் பாய்க்கு வெளியே எறிந்தால், அது போய்த் தின்றுவிட்டு மறுபடி வர இன்னொரு வாய்ப்பு.

எல்லாம் இரண்டு மூன்று நிமிடம்தான். இருபது துண்டும் தீர்ந்தால் பாயைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். "அதுக்குள்ளயா?" என்பதுபோல் அது பார்க்கும்போதே நிறுத்துவது நல்லது. பாயை அங்கேயே விட்டுவைத்தால், நீங்கள் கவனிக்காத நேரத்தில் அது போய்ப் படுத்துப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போகும்.

அடுத்த படிக்கு எப்போ போகணும்னு எப்படித் தெரியும்?

பயிற்சியாளர்கள் சொல்லும் கைக்கணக்கு, பத்துக்கு எட்டு. பத்து முயற்சியில் எட்டு சரியாக வந்தால் ஏறலாம். ஐந்து ஆறு வந்தால் அங்கேயே இருங்கள். அதற்கும் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதில் மானக்கேடு எதுவும் இல்லை.

ஆனால் ஒரே படியில் அளவுக்கு மீறித் தங்குவதும் ஆபத்து. "ஒரு கால் வைத்தால் போதும்" என்பதற்கு ஐம்பது முறை பரிசு கொடுத்துவிட்டால், நாய் அதுதான் முடிவு என்று நினைத்துக்கொள்ளும். பிறகு இரண்டாவது காலை வைக்கவைப்பது பெரும்பாடு. இன்னொன்று: நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். பாயில் பத்து நொடி இருக்கக் கற்ற நாயை விட்டு நீங்கள் நான்கடி தள்ளிப் போகிறீர்களா? நேரத்தை இரண்டு நொடிக்குக் குறைத்துவிடுங்கள்.

எங்க நாய் ஒண்ணுமே செய்யாம என் முகத்தையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. என்ன பண்றது?

இதுவரை கட்டளையிட்டதை மட்டும் செய்து பழகிய நாயிடம் இது சகஜம். சொந்தமாக எதையாவது செய்தபோதெல்லாம் திட்டு வாங்கியிருந்தால் அசையாமல் இருப்பதே பத்திரம் என்று கற்றிருக்கும். அதற்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். தரையில் பெட்டியை வைத்து, அதைச் சுற்றி நாய் என்ன செய்தாலும் பரிசு: முகர்ந்தால், காலால் தட்டினால், சுற்றி வந்தால், தாண்டினால். சரி தவறு என்று எதுவும் கிடையாது. நீங்கள் அதன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பாருங்கள். உங்கள் கண் போகும் பக்கம் அதன் கண்ணும் போகும்.

1960களில் ஹவாயின் கடல்வாழ் விலங்குக் காட்சியகம் ஒன்றில் பயிற்சியாளர் கேரன் பிரையர் ஒரு டால்பினுக்கு இப்படித்தான் பரிசளித்தார்: அன்றுவரை செய்யாத ஒன்றைச் செய்தால் மட்டும் மீன். விஷயம் பிடிபட்டதும் அது யாரும் கற்றுத்தராத புதுப்புதுத் துள்ளல்களைச் செய்யத் தொடங்கியது. 1969-இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையும் வெளியானது. நாய் அந்த அளவுக்குப் போக வேண்டாம். முயன்று பார்ப்பதற்குத் தண்டனை இல்லை என்று புரிந்தால் போதும்.

நடுவுல திடீர்னு குரைக்குது, என் கையைப் பிராண்டுது. அடம்பிடிக்குதா?

முந்தைய நிமிடம்வரை பலன் தந்துகொண்டிருந்த செயல் இப்போது தரவில்லை. அதனால் அதையே இன்னும் பலமாக, இன்னும் வேகமாகச் செய்து பார்க்கிறது. கதவு திறக்காவிட்டால் நாமும் இரண்டு மூன்று தட்டு ஓங்கித் தட்டுவோமே, அதுபோலத்தான். பரிசு நின்றவுடன் வரும் இந்த வேகம் கொஞ்ச நேரத்தில் தணியும்.

ஷேப்பிங்கின் நடுவே இது வந்தால் படி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு படி இறங்கி, சுலபமாக இரண்டு பரிசு கொடுத்து, அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். குரைத்த அந்த நொடியில் மட்டும் தீனி கொடுத்துவிடாதீர்கள்.

எந்த டிரீட் கொடுக்கணும்? குண்டாயிடாதா?

பட்டாணி அளவு, மெல்லாமல் விழுங்கும்படி மிருதுவாக. சின்ன நாய்க்கு அதிலும் பாதி. தின்பண்டத்திலிருந்து கிடைப்பது நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. பயிற்சி அதிகமான நாளில் தட்டில் வைக்கும் உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் (சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்ப்பது) கலந்த இனிப்பு இவை நாய்க்கு நஞ்சு; ஒரு துண்டுகூடக் கூடாது.

டிரீட் கையில இல்லாட்டி திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. லஞ்சம் கொடுத்துக் கெடுத்துட்டேனோ?

லஞ்சத்துக்கும் பரிசுக்கும் உள்ள வேறுபாடு, எப்போது காட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. முதலில் தீனியை ஆட்டிக் காட்டிவிட்டு "வா" என்றால், தீனி தெரிந்தால்தான் வரவேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். வந்த பிறகு எங்கிருந்தோ தீனி வந்தால், வந்தால் நல்லது நடக்கும் என்று கற்றுக்கொள்ளும். ஆகவே தீனிப் பையை இடுப்பில் கட்டாமல் அலமாரி மேலேயோ மேசை மேலேயோ வைத்துப் பழக்குங்கள். நாய் சொன்னதைச் செய்ததும் குறிப்பொலி, பிறகு இருவருமாக ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம்.

செயல் நன்றாக ஊறிய பிறகு ஒவ்வொரு தடவையும் தீனி தேவையில்லை. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை நீண்ட நாள் நிலைக்கவைக்கும். ஆனால் புதிதாகக் கற்கும்போது கஞ்சத்தனம் கூடாது. பாதியில் குறைத்துவிட்டு "மறந்துட்டுது" என்று சொல்பவர்களே அதிகம். தீனிக்குப் பதிலாக நாய் விரும்பும் செயலையும் பரிசாக்கலாம்: உட்கார்ந்தால் கதவு திறக்கும், கூப்பிட்டதும் வந்தால் மறுபடி ஓடி விளையாட விடுவேன். 1959-இல் டேவிட் பிரிமேக் என்ற உளவியலாளர் சொன்ன விதி இது. அதிகம் விரும்பும் செயல், குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாகும்.

"சிட்", "டவுன்" இந்த வார்த்தையை எப்போ சொல்லிக் கொடுக்கணும்?

செயல் வந்த பிறகு. இன்னும் கால் வைக்கவே தெரியாத நாயிடம் "பாய், பாய், பாய்" என்று பத்து முறை சொன்னால், அந்தச் சொல் பின்னணி இரைச்சலாகிவிடும். நாய் பாய்க்குப் போகப்போகிறது என்று நீங்கள் தைரியமாகப் பந்தயம் கட்டும் நிலை வந்ததும், அது கிளம்புவதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். சொன்ன பிறகு செய்தால் மட்டும் பரிசு என்று போகப் போக மாற்றுங்கள்.

வீட்டுக்குள்ள எல்லாம் அத்துப்படி. வெளியே போனா ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்குது.

உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். கூடத்தில், உங்கள் எதிரே, அந்த நேரத்தில் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அதற்குப் பாடம். இடம் மாறினால் முதல் படிக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். இரண்டாவது இடத்தில் சீக்கிரம் வரும், மூன்றாவதில் அதைவிடச் சீக்கிரம். தெருவில் தீனியையே சீந்தாவிட்டால் அது பயத்திலோ பரபரப்பிலோ இருக்கிறது. பயிற்சியை விட்டுவிட்டுத் தள்ளிப்போங்கள்.

வாக்கிங் போனா என்னை இழுத்துக்கிட்டு ஓடுது. ஷேப்பிங் உதவுமா?

உதவும், பொறுமை இருந்தால். இழுத்தால் முன்னே போகலாம் என்பதுதான் அதற்கு இதுவரை கிடைத்துவந்த பரிசு. ஒவ்வொரு நடையிலும் நாமே கொடுத்துவந்தது. வார் இறுகினால் நில்லுங்கள். தளர்ந்த கணத்தில் குறிப்பொலி, தீனியை உங்கள் காலோரம் கொடுங்கள். முதலில் ஓர் அடிக்கு ஒரு பரிசு, பிறகு இரண்டு, ஐந்து. வார் தளர்வாக இருந்தால் அந்த மரத்தை முகர்ந்து பார்க்க விடுவதும் நல்ல பரிசு. அவசரமாகப் போக வேண்டிய நாளில், நெஞ்சுப்பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸை (கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் பட்டை) மாட்டிச் சமாளியுங்கள். அன்றைக்குப் பயிற்சி இல்லை.

தப்பு பண்ணினா திட்டவே கூடாதா? அடிச்சாத்தானே பயம் இருக்கும்?

பயம் இருக்கும், அதுதான் பிரச்சினையே. அடி வாங்கிய நாய் செயலை மட்டும் விடாது. உங்கள் கையை, அந்த இடத்தை, எதிரே வந்த இன்னொரு நாயைக்கூட வலியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். 2020-இல் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஆய்வில், தண்டனை அடிப்படையில் பயிற்சி பெற்றவை மன அழுத்தத்தின் அறிகுறிகளை அதிகம் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலும் கூடியிருந்தது. அமெரிக்க விலங்கு நடத்தை கால்நடை மருத்துவச் சங்கம் 2021-இல் எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிசு அடிப்படையிலான முறையையே பரிந்துரைத்தது.

அதற்காக எதையும் செய்ய விட்டுவிடுங்கள் என்று பொருளில்லை. செருப்பைக் கடிக்கும் நாயிருக்கும் வீட்டில் செருப்பு அலமாரிக்குள் இருக்கட்டும். செய்யக் கூடாததைச் செய்ய முடியாதபடி தடுப்பதும், வேறொன்றைச் செய்தால் பலன் கிடைக்கும்படி வைப்பதும் சேர்ந்தே போக வேண்டும். மேலே தாவும் நாய்க்கும் இதே வழிதான்: நான்கு காலும் தரையில் இருந்தால் கொஞ்சல், தாவினால் முதுகைக் காட்டித் திரும்பிவிடுவது. வீட்டில் எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும். தாத்தா மட்டும் தாவினால் சிரித்துக் கொஞ்சினால் அத்தனையும் வீண்.

நாமதான் தலைவன்னு காட்டலைன்னா அது நம்மளையே அடக்கிடும்ங்கிறாங்களே?

இந்தக் கருத்தின் வேர், விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வில் இருக்கிறது. அவர் பார்த்தவை அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்கள். காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் விஷயத்தைத் தெளிவாக்கினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான். நாயோ ஓநாயும் இல்லை. அது முதலில் வாசலைத் தாண்டுவது ஆட்சியைப் பிடிக்க இல்லை. வெளியே போகும் அவசரம்.

நகம் வெட்ட நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கு. இதுக்கும் ஷேப்பிங்கா?

ஷேப்பிங்கின் முழு மதிப்பும் தெரிவது இங்கேதான். நகவெட்டியைத் தரையில் வைப்பதில் தொடங்குங்கள். நாய் அதைப் பார்த்தால் பரிசு. பிறகு கையில் எடுப்பது, காலின் பக்கம் கொண்டுபோவது, உலோகம் நகத்தைத் தொடுவது, வெட்டாமல் 'டக்' என்று ஒலி எழுப்புவது. ஒவ்வொன்றும் தனித்தனிப் படி. ஒருநாள் ஒரே ஒரு நகத்தின் நுனி. அன்றைக்கு அவ்வளவுதான். உள்ளே ரத்தநாளம் ஓடுகிறது. கறுப்பு நகத்தில் அது தெரியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள்.

இன்னும் நல்ல வழி: நாய் தன் தாடையை ஒரு தலையணைமேல் வைத்திருக்கக் கற்றுக்கொடுங்கள். தாடை அங்கே இருக்கும்வரை நீங்கள் வேலையைத் தொடர்வீர்கள். எடுத்தால் உடனே நிறுத்துவீர்கள். "போதும்" என்று சொல்லும் வழி தன்னிடம் இருப்பது தெரிந்த நாய் அதிக நேரம் பொறுத்துக்கொள்ளும். மருந்து ஊற்றவும் காது பார்க்கவும் இதே ஏற்பாடு ஆகும்.

பட்டாசு, இடிக்குப் பயப்படும்போது கொஞ்சினா, பயத்துக்கே பரிசு கொடுத்த மாதிரி ஆயிடாதா?

ஆகாது. பரிசால் கூடுவது செயல். பயம் என்பது உணர்ச்சி. அதை யாரும் தீனிக்காகச் செய்வதில்லை. தாராளமாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டதும் சுவையான துண்டு என்று கொடுத்துவந்தால், சத்தத்தைப் பற்றிய அதன் உணர்ச்சியே மாற வாய்ப்புண்டு. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் கண்ட இணைப்புதான் (உணவோடு சேர்ந்தே வரும் ஒலியைக் கேட்டாலே எச்சில் ஊறுவது) அங்கே வேலை செய்கிறது. இதில் நாய் என்ன செய்கிறது என்று பார்க்காமல் கொடுக்க வேண்டும். நடுக்கம் கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் மருந்து பற்றிப் பேசுங்கள்.

சாப்பிடும்போது கிட்ட போனா உறுமுது. அதையும் இப்படிச் சரி பண்ணிடலாமா?

உறுமலைத் திட்டி அடக்காதீர்கள். அது எச்சரிக்கை, அடக்கினால் நாய் அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கலாம். சாப்பிடும்போது விட்டுவிடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம். முதலில் வலி, நோய் ஏதும் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். பிறகு நடத்தைப் பிரச்சினைகளில் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டியது இது. இங்கே படித்துவிட்டு நீங்களாகவே இறங்க வேண்டாம்.

நான் எதுவுமே பழக்கலை, ஆனா எங்க நாய் விடாம குரைச்சே சாதிக்குது. இது எப்படி வந்தது?

நீங்களே அறியாமல் அழகாக ஷேப்பிங் செய்திருக்கிறீர்கள். முதல் நாள் இரண்டு குரைப்புக்குப் பந்தை எறிந்தீர்கள். அடுத்த வாரம் "குரைச்சா கொடுக்கக் கூடாது" என்று முடிவெடுத்து, எட்டாவது குரைப்பில் தாங்க முடியாமல் எறிந்தீர்கள். பின்பு இருபதாவதில். படி உயர்ந்துகொண்டே போய், விட்டு விட்டுக் கிடைக்கும் பரிசும் சேர்ந்துவிட்டது. லஞ்சம் பற்றிய பதிலில் சொன்னபடி நீண்ட நாள் நிலைப்பது இந்தப் பழக்கம்தான்.

இதைவிட நுட்பமானது சங்கிலி. நாய் தாவுகிறது, நீங்கள் "சிட்" என்கிறீர்கள், உட்காருகிறது, தீனி. உட்கார்ந்ததற்குக் கொடுத்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். தாவி, பிறகு உட்கார்ந்தால் தீனி வரும் என்று அது கற்கிறது. சங்கிலியை அறுக்க, தாவுவதற்கு முன்பே, நான்கு காலில் நிற்கும்போதே பரிசு கொடுங்கள். குரைப்பதற்கும் அப்படியே: அமைதியாக இருக்கும் நேரத்தில் நீங்களே முந்திக்கொண்டு பந்தை எடுங்கள்.

எல்லாம் சரியாத்தான் செய்யறேன். நல்லா வந்துக்கிட்டிருந்தது, இப்போ கெட்டுப்போகுது. என் மேல தப்பா, நாய் மேல தப்பா?

படியின் அளவு, பரிசின் தரம், வலி இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்த பிறகும் புரியாவிட்டால், செயலுக்கும் நாயின் இயல்புக்கும் மோதல் இருக்கலாம். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரேலண்ட், மேரியன் பிரேலண்ட் தம்பதி 1947-இல் விலங்குப் பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். 1961-இல் தங்கள் தோல்விகளைக் கட்டுரையாகவே எழுதினார்கள். நாணயத்தை உண்டியலில் போடக் கற்ற ரக்கூன் (வட அமெரிக்கக் காட்டு விலங்கு), இரண்டு நாணயம் கொடுத்ததும் உணவைத் தேய்ப்பதுபோல் அவற்றை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தது. பன்றி நாணயத்தை மூக்கால் மண்ணில் புரட்டிப் புரட்டி விளையாடியது. பரிசு தாமதமானது, அப்படியும் பிறவிக்குணம் விடவில்லை.

மோப்பத்துக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட நாயைத் தலை நிமிர்த்தி நடக்கவைக்க முயன்றால் இதே தொல்லைதான். முகர்வதை எதிர்த்துப் போராடாமல் அதையே பரிசாக்குங்கள்: பத்தடி உங்களோடு, பிறகு "போ, முகர்" என்று ஒரு சொல். சில வாரம் செய்து பார்த்துவிட்டு, அப்போதும் சரிவராவிட்டால் செயலையே மாற்றிவிடுங்கள். அந்த நாய்க்குத் தீனியை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லும் விளையாட்டு முதல் நாளே பிடித்துப்போகும்.